மனசாட்சியை வைத்துக் கடவுள் உண்டென்று வாதாட முடியுமா?

கேள்வி: கொழுந்துக்கூடை, ஹட்டன்
தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கும் கூடைக்கும் கழிக்கிற கணக்குக்கு மேலே இன்னும் இரண்டு கிலோ கழித்தால், பக்கத்தில் நிற்கிறவருக்கும் "இது அநியாயம்" என்று படுகிறது. அவருக்கு நட்டமே இல்லை. இந்த உணர்வு பிரபஞ்சத்துக்குப் பின்னால் ஓர் அறிவு இருப்பதைக் காட்டுமா? அறநெறி வகுப்புப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும். வாதம் எங்கே நிற்கும், எங்கே உடையும்?

பதில்: பதுளை வாசகன்
மூன்று படி இருக்கிறது தம்பி. அநியாயம் உண்மையிலேயே அநியாயம், வெறும் மனப்பதிவு இல்லை. அப்படி எல்லாரையும் கட்டுகிற அறம் சடப்பொருளிலிருந்து வராது. ஆகவே அறிவுள்ள ஒன்றிடமிருந்து வருகிறது.

பலர் சறுக்குவது முதல் படியில். "எல்லாருக்கும் மனசாட்சி இருக்கிறது, ஆகவே கடவுள்" என்று தாவினால் வாதம் அங்கேயே விழும். கூடி வாழும் விலங்குக்கு அறிவும் வளர்ந்தால் மனசாட்சி தோன்றும் என்று டார்வின் 1871இலேயே எழுதிவிட்டார். 2003இல் வெளிவந்த ஆய்வில், கல்லைக் கொடுத்து வெள்ளரித்துண்டு வாங்கிப் பழகிய கபுச்சின் குரங்குகள், பக்கத்துக் குரங்குக்குத் திராட்சை கிடைப்பதைக் கண்டதும் வெள்ளரியை மறுத்தன. ஆனால் அவை மறுத்தது தங்கள் பங்குக்காக. நீங்கள் சொன்னவர் அடுத்தவர் கிலோவுக்காகக் கொதிக்கிறார். அந்த வித்தியாசத்தைப் பிடியுங்கள்.

பதில்: நுவரெலியா அக்கா
இரண்டாம் படிதான் கடினம். அறத்துக்கு ஆள் தேவையில்லை என்பவர்கள் நம்மைச் சுற்றியே இருக்கிறார்கள். பௌத்தத்தில் கம்ம நியாமம், அதாவது வினைக்கேற்ற பயன் வரும் என்ற நியதி, படைத்தவன் இல்லாமலே நடக்கும். வேதச் சடங்குகளை ஆராய்ந்த தத்துவ மரபினரான மீமாம்சகரும் செயலைப் பயனோடு சேர்ப்பது 'அபூர்வம்' என்ற ஆற்றல் என்றார்கள். சைவ சித்தாந்தம் இதை மறுக்கிறது: வினை சடம், யார் செய்தது, யாருக்குச் சேர வேண்டும் என்று அதற்குத் தெரியாது. தோட்டத்தில் வேலைக்கு வந்தவர் பேர் பதிகிற செக்ரோல் தானாகப் பேர் போடுமா? கணக்குப்பிள்ளை வேண்டும்.

ஒன்று மட்டும், இந்த வாதம் பயனைச் சேர்ப்பவரைத்தான் காட்டுகிறது. எது அறம் என்று தீர்மானித்தவரைக் காட்டவில்லை. இரண்டையும் கலக்க வேண்டாம்.

பதில்: பதுளை வாசகன்
அக்கா சொன்ன இடத்தில்தான் பிளேட்டோவின் கேள்வி வருகிறது: தெய்வம் விரும்புவதால் நல்லதா, நல்லது என்பதால் விரும்புகிறதா? முதலாவது என்றால் நாளைக்குத் தராசை ஏமாற்றுவதும் அறமாகலாம். இரண்டாவது என்றால் அறம் தெய்வத்துக்கு வெளியே நிற்கிறது. நன்மையே இறைவனின் இயல்பு என்பது இறையியலாரின் வழக்கமான விடை. ஜெர்மன் தத்துவஞானி காண்ட்கூட 1788இல் கடவுளை நிரூபணமாக வைக்கவில்லை, அறவாழ்வு கேட்கிற நம்பிக்கையாகவே வைத்தார். பிள்ளைகளிடம் 'நிரூபணம்' என்ற சொல்லைப் பாவிக்காதீர்கள்.

கொழுந்துக்கூடை
கிலோ கழித்தவர் கடைசிவரை நன்றாக வாழ்ந்தால், அண்ணே?

பதுளை வாசகன்
காண்ட் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறார். அடுத்த வகுப்பையும் அங்கிருந்தே தொடங்குங்கள்.