செபுல்டுரா உங்களுக்கு எந்த இடத்தில் பிடிபட்டது?

நாலுகம்பி:

பிரேசிலின் மெட்டல் பேண்டான செபுல்டுரா விடைபெறும் சுற்றுப்பயணத்தை 2023 டிசம்பரில் அறிவித்து, 2024 மார்ச்சில் சொந்த ஊரான பெலோ ஹொரிசோன்ட்டேயில் தொடங்கினார்கள். 1984இல் மாக்ஸ் (பாட்டு, கிடார்), இகோர் (டிரம்ஸ்) கவலேரா என்று அண்ணனும் தம்பியும் ஆரம்பித்த பேண்ட். "மெட்டலில் உலக இசையைக் கலந்தவர்கள்" என்று எங்கே பார்த்தாலும் ஒரே வரி ஓடுகிறது. எனக்கு அந்த வரி போதவில்லை. யாரோடு உட்கார்ந்து கலந்தார்கள், எங்கே ஒட்டியது, எங்கே ஒட்டாமல் போனது? அவரவர் அனுபவத்தோடு எழுதுங்கள்.

நான் ஆரம்பிக்கிறேன். ஹாஸ்டலில் கைமாறிக் கைமாறி வந்த காப்பி கேசட். ஒரு பக்கம் 'அரைஸ்' (1991), மறுபக்கம் 'கேயாஸ் ஏ.டி.' (1993). கேசட்டைத் திருப்பிப் போட்டால் வேறு பேண்ட். 'அரைஸ்' ஃப்ளோரிடாவில், ஸ்காட் பர்ன்ஸ் தயாரிப்பில் பதிவானது. அன்றைக்கு டெத் மெட்டல்காரர்கள் பாதிப் பேர் போய் நின்ற ஸ்டுடியோ அது. அபாரமான ஆல்பம்தான். ஆனால் இவர்கள் அமெரிக்கர்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் மறுபேச்சில்லாமல் நம்பியிருப்பேன்.

மறுபக்கம் ஒரு இதயத்துடிப்பில் தொடங்கும். மாக்ஸின் மகன் வயிற்றில் இருக்கும்போது பதிவுசெய்த துடிப்பு அது. அதன் மேல் இகோர் டாம்களை (செட்டில் கனமாக ஒலிக்கும் டிரம்களை) உருட்டிக்கொண்டு வருகிறார் பாருங்கள், பேண்டின் பாதை அந்த இடத்தில்தான் திரும்பியது என்பது என் கட்சி. வேகம் குறைந்தது, கனம் கூடியது, சிம்பல் சத்தம் பின்னால் போய் டிரம் முன்னால் வந்தது. ஊரே கொண்டாடும் 'ரூட்ஸ்' ஆல்பம் (1996) வருவதற்கு மூன்று வருஷம் முன்பே இது நடந்துவிட்டது. பிரேசில் இவர்கள் இசைக்குள் நுழைந்தது டிரம்மர் கை வழியாக. பழங்குடி, பெரிம்பாவ் என்ற ஒற்றைக்கம்பி வாத்தியம், விருந்தினர் எல்லாம் அப்புறம் வந்தவை.

சுர்டோ:

நாலுகம்பி சொல்றது சரின்னு நான் ஸ்டேடியத்துல தெரிஞ்சுக்கிட்டேன். வேலை விஷயமா சாவ் பாவ்லோவுல கொஞ்ச காலம் இருந்தேன். ஆபீஸ்ல கூட இருந்தவர் பால்மெய்ராஸ் ஃபுட்பால் கிளப் வெறியர், மேட்ச்சுக்கு இழுத்துட்டுப் போனார். கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி ரசிகர் கூட்டம், அவங்களோட ஒரு டிரம் படை. சுர்டோன்னு இடுப்பளவு பெரிய டிரம். ஒண்ணு கனமா ஒரு அடி விழும், அடுத்தது வேற சுருதியில பதில் சொல்லும், நடுவுல சின்ன டிரம்கள் பொரிஞ்சுக்கிட்டே இருக்கும். மேட்ச் என்ன ஆச்சுன்னே நினைவில்ல. வயித்துக்குள்ள அந்த ரெண்டு அடி மட்டும் ரொம்ப நேரம் இருந்துச்சு. இகோரும் பால்மெய்ராஸ் ரசிகர்தான்னு அவர் அப்போதான் சொன்னார். ராத்திரி ரூமுக்கு வந்து 'கேயாஸ் ஏ.டி.'யில வர்ற 'டெரிட்டரி' போட்டா, ஆரம்பத்துல வர்ற அடியில பாதி இதே கேலரிதான்!

இன்னொண்ணு. சாவ் பாவ்லோ மையத்துல 'கலேரியா டோ ராக்'னு ஒரு பழைய காம்ப்ளெக்ஸ். மாடி மாடியா இசைத்தட்டுக் கடை, டீ-ஷர்ட் கடை, டாட்டூ கடை. அங்க ஒரு கடைக்காரர் 1985ல வந்த அவங்க முதல் பதிவை எடுத்துக் காட்டினார். ஒரு பக்கம் ஓவர்டோஸ்னு இன்னொரு பேண்ட், மறுபக்கம் செபுல்டுரா. வெளியிட்டது பெலோ ஹொரிசோன்ட்டேயில கோகுமேலோன்னு ஒரு ரெக்கார்டு கடை. அந்த வருஷம்தான் ராணுவ ஆட்சி முடிஞ்சுது. பசங்களுக்குப் பதினஞ்சு பதினாறு வயசு. அப்பா இத்தாலியத் தூதரக வேலையில இருந்தவர், பிள்ளைங்க சின்னதா இருக்கும்போதே இறந்துட்டார். "இவங்க அப்போ பிரேசில் மாதிரி இருக்கவே விரும்பலை"ன்னார் கடைக்காரர். சாம்பா பெரியவங்க சமாச்சாரம், மெட்டல்னா வெளியுலகம். உலகம் சுத்தி வந்த பிறகுதான் உள்ளூர் காதுல விழுந்திருக்கு.

டபுள்பேஸ்:

நான் டிரம்மர். எங்க பேண்ட்ல 'ரூட்ஸ்' ஆல்பத்துல வர்ற 'ரட்டமஹட்டா' பாட்டைக் கவர் பண்ணலாம்னு எடுத்தோம். நோட்டு ஒண்ணும் கஷ்டமில்லை, ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற கிடார் துண்டு) ரெண்டு மூணுதான். ஆனா பாட்டு வரவே மாட்டேங்குது. ஒரு செட்ல ஒருத்தன் அடிச்சா வத்திப் போன மாதிரி இருக்கு. கடைசியில பேஸ் வாசிக்கிறவனையும் பாடுறவனையும் ஆளுக்கொரு ஃப்ளோர் டாம் முன்னாடி நிறுத்தினோம். அப்பத்தான் பாட்டு எழுந்து உட்கார்ந்துச்சு.

அதுல இகோரோட சேர்ந்து அடிக்கிறது கார்லின்யோஸ் பிரவுன். பாஹியா மாநிலம் சால்வடார்காரர், டிம்பலாடான்னு பெரிய தாளவாத்தியக் குழுவை ஆரம்பிச்சவர், பிரேசில்ல ஜனரஞ்சக ஸ்டார். அவரை ஒரு மெட்டல் ஆல்பத்துக்குக் கூப்பிட்டதை அங்க ரெண்டு பக்க ரசிகர்களும் முழுங்கக் கஷ்டப்பட்டிருப்பாங்க. கலிஃபோர்னியாவுல மாலிபு மலைமேல இண்டிகோ ரேஞ்ச்னு ஸ்டுடியோ, தயாரிப்பாளர் ராஸ் ராபின்சன். கோர்ன் பேண்டோட முதல் ஆல்பத்தைப் பண்ணவர் அவர், அதனால கிடார் சத்தம் அந்தப் பக்கம் சாயுது. சுருதியை இறக்கி, ரிஃப்பைக் குறைச்சு, இடைவெளி விட்டிருக்காங்க. 'அரைஸ்' கோஷ்டிக்கு இதான் கோபம்: "ரிஃப் எங்கடா?" நான் சொல்றது, அந்த இடைவெளி இல்லைன்னா கார்லின்யோஸ் எங்க உட்காருவார்? 'அரைஸ்'ல ஒரு ஊசி விழ இடமில்லை.

மாக்ஸ் கிடார்ல நாலே கம்பிதான் கட்டுவார், நம்ம நண்பர் பேரும் அங்கேருந்து வந்ததுதானே? கனமான கம்பிகள் போதும்னு அவர் முடிவு. தாளம் வாசிக்க அது போதும்.

பெரிம்பாவ் பத்தி ஒரு வரி. 'ரூட்ஸ்'லேயே 'ஆட்டிட்யூட்' பாட்டு தொடக்கத்துல டொய்ங் டொய்ங்னு வருதே, அதுதான். வில்லுப்பாட்டு வில்லை நிமிர்த்திப் பிடிச்சு, குடத்துக்குப் பதிலா சுரைக்குடுக்கை கட்டின மாதிரி. ஆப்பிரிக்காவுலேருந்து அடிமைகளா வந்தவங்களோட வழி வந்த வாத்தியம், கப்போயெராங்கிற சண்டைக்கலை ஆட்டத்துக்கு வாசிப்பாங்க. அந்த ஒத்தைக் கம்பியில தொடங்கி அப்படியே கிடார் ரிஃப்புக்குள்ள இறங்குறாங்க, ஒட்டுப் போட்ட இடமே தெரியாது.

ஆற்றோரம்:

நான் மெட்டல் கேட்பவள் இல்லை. செபுல்டுராவிடம் வந்தது வேறு வழி. தென் அமெரிக்கப் பழங்குடிகளின் நில உரிமை பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது மாரியோ ஜுருனாவைப் பற்றித் தெரிந்தது. ஷவாண்ட்டே இனத்துத் தலைவர். 1970களில் தலைநகர் பிரசிலியாவின் அலுவலகங்களுக்கு ஒரு டேப் ரெக்கார்டரோடு போவார். அதிகாரிகள் தரும் வாக்குறுதிகளைப் பதிவுசெய்து, பிறகு அவர்கள் முன்னாலேயே போட்டுக் காட்டுவார். 1982இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். பிரேசிலில் பழங்குடியினர் ஒருவர் அப்படித் தேர்வானது அதுவே முதல்முறை. அவரைப் பற்றித் தேடிக்கொண்டிருந்த இரவில்தான், அதே இனத்தாரோடு ஒரு மெட்டல் பேண்ட் பாட்டு பதிவுசெய்திருக்கிறது என்று கண்ணில் பட்டது. சந்தேகத்தோடுதான் கேட்டேன். பழங்குடி என்றால் பின்னணிக்கு நாலு கூவல், அட்டைக்கு ஒரு இறகு என்பதுதானே வழக்கம்.

'ரூட்ஸ்' ஆல்பத்தில் உள்ள அந்தப் பாட்டு, 'இட்சாரி', அப்படி இல்லை. மாட்டோ கிராஸோவில் ஷவாண்ட்டே கிராமத்துக்கே போய், அவர்கள் பாடும் சடங்குப் பாட்டோடு இவர்கள் மின்சாரமில்லாத கிடாரும் தாளமும் சேர்த்து வாசித்திருக்கிறார்கள். முன்னால் நிற்பது கிராமத்தாரின் குரல். பேண்ட் பின்னால் நடந்து வருகிறது. மாக்ஸுக்கு இந்த யோசனை காட்டையும் பழங்குடிகளையும் பற்றிய ஒரு ஹாலிவுட் படத்தைப் பார்த்து வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். யோசனை வந்த வழி எதுவாகவும் இருக்கட்டும், ஊருக்குப் போய் உட்கார்ந்தார்களா என்பதே எனக்கு முக்கியம். போயிருக்கிறார்கள்.

'கேயாஸ் ஏ.டி.'யில் வரும் 'கயோவாஸ்' பற்றி மட்டும் எனக்கு ஒரு மனத்தாங்கல். தங்கள் நிலத்தை அரசு பறித்ததை எதிர்த்துக் கூட்டமாக உயிரை மாய்த்துக்கொண்ட இனத்துக்கு அஞ்சலி என்று அந்தப் பாட்டை அறிமுகப்படுத்துகிறார்கள். குவாரனி கயோவா மக்களிடையே 1980களிலிருந்து நடந்துவருவது ஒரே நாளில் நடந்த வீரக்கதை அல்ல. நிலம் போய், நெருக்கமான ஒதுக்கிடங்களில் அடைபட்டவர்களில் இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக உயிரை மாய்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு பாட்டின் முன்னுரையில் அடங்குகிற விஷயம் இல்லை. நல்லவேளை, அந்தப் பாட்டில் சொற்களே கிடையாது.

கம்பிவேலி:

ஆற்றோரம் அக்கா, இதையும் சேர்த்துக்குங்க: 'கயோவாஸ்' பதிவானது வேல்ஸ்ல, செப்ஸ்டோ கோட்டை இடிபாட்டுக்குள்ள. பிரேசில் பழங்குடிக்கு அஞ்சலி, நார்மன் காலத்துக் கல்சுவருக்குள்ள! அப்புறம் 'ரூட்ஸ்' அட்டையில இருக்கிற முகம் பழைய பிரேசில் பண நோட்டுலேருந்து எடுத்தது. நிலத்தைப் புடுங்கிட்டு முகத்தை நோட்டுல அச்சடிச்ச அரசாங்கம். அந்த நோட்டையே அட்டையாக்கினது எனக்குப் பிடிச்ச குசும்பு.

பிந்திவந்தவன்:

எல்லாரும் 1996லயே நின்னுடுவீங்கன்னு தெரியும். நான் மாக்ஸுக்குப் பிறகு பாட வந்த டெரிக் கிரீன் காலத்துல உள்ள வந்தவன், அதனால கொஞ்சம் சண்டை போடுறேன்.

பிரிவுக் கதையைச் சுருக்கமா முடிச்சுடலாம். 1996 பிப்ரவரியில 'ரூட்ஸ்' வந்து உச்சியில இருக்காங்க. ஆகஸ்ட்ல மாக்ஸோட மனைவியின் மகன் டேனா விபத்துல இறந்துட்டார். மாக்ஸ் ஊருக்குப் போக, இங்கிலாந்துல டோனிங்டன் இசைவிழா மேடையில மீதி மூணு பேரும் ஏறினாங்க, கிடாரிஸ்ட் அண்ட்ரெயாஸ் கிஸ்ஸர் பாடினார். மேனேஜர் மாக்ஸோட மனைவி குளோரியா. அவங்க ஒப்பந்தத்தைத் தொடர வேண்டாம்னு மத்த மூணு பேரும் சொன்னாங்க. டிசம்பர்ல லண்டன் பிரிக்ஸ்டன் கச்சேரியோட மாக்ஸ் வெளியே. யார் சரி, யார் தப்புன்னு பேசிப் பேசி ரசிகர்களுக்கு நரைச்சுப் போச்சு, நான் வரலை.

நான் சொல்ல வந்தது அப்புறம் நடந்தது. மாக்ஸ் சோல்ஃப்ளை ஆரம்பிச்சார், ஊர் ஊரா வாத்தியம் தேடிப் போனார். செபுல்டுராவும் அதை விடலை. 1998ல 'அகெய்ன்ஸ்ட்' ஆல்பத்துல ஜப்பானின் கோடோ டிரம் குழுவோட 'கமைட்டாச்சி' பண்ணாங்க. அவங்க அடிக்கிற டைக்கோங்கிற ஜப்பானியப் பெரிய டிரம்னா ஒரு அடியில கட்டடம் நடுங்கும். 2013ல ராக் இன் ரியோ இசைவிழாவுல பிரான்ஸின் டம்பூர் டியூ பிராங்ஸ் கூட மேடை. அவங்க வாத்தியமே எண்ணெய் பீப்பாய்தான்! வரிசையா நின்னு கட்டையால சாத்துவாங்க. 2017ல 'மெஷின் மெசையா', அதுல 'ஃபேண்டம் செல்ஃப்' பாட்டுல துனீசியா வயலின்கள். அரபு ராகச் சாயல்ல ஒரு சுழற்றல், அடியில டிரம்ஸ் வேற பக்கம் ஓடுது. அப்போ டிரம்ஸ்ல எலாய் காசாகிராண்டே. விடைபெறும் பயணம் தொடங்குறதுக்குச் சில நாள் முன்னாடி விட்டுட்டுப் போய் ஸ்லிப்நாட்ங்கிற அமெரிக்க மெட்டல் பேண்ட்ல சேர்ந்தாரே, அவர்தான்.

ஒத்துக்கிறேன், பீப்பாய் மேட்டர் பார்க்கத்தான் பிரமாதம், காதால மட்டும் கேட்டா பத்து நிமிஷத்துல களைப்பு. துனீசியா வயலின் மட்டும் 'இட்சாரி' பக்கத்துல வைக்கத் தகும்.

ஜெர்மனியில கடைசிப் பயணத்துக் கச்சேரி ஒண்ணு பார்த்தேன். 'கயோவாஸ்' வாசிக்கும்போது வெளியாட்களையும் மேடையேத்தி ஆளுக்கொரு டிரம் கொடுத்தாங்க. பாதிப் பேருக்குத் தாளமே நிக்கலை. எலாய் இடத்துக்கு வந்த கிரேசன் நெக்ரூட்மன் ஜாஸ்லேருந்து வந்த பொடியன், அவன் நடுவுல உட்கார்ந்து அத்தனை பேரையும் இழுத்துப் பிடிச்சான். அந்த அஞ்சு நிமிஷம் மேடையில யாரும் ஸ்டார் இல்லை.

தோபாயோ:

சிங்கப்பூர்லேருந்து ஒரு சின்னக் குறிப்பு. எனக்கு செபுல்டுராவை அறிமுகப்படுத்தினது எங்க ஊர் ருத்ரா ரசிகர்கள்தான். 1992லேருந்து இருக்கிற பேண்ட், பாடுறதும் பேஸ் வாசிக்கிறதும் கதிர். சமஸ்கிருத மந்திரம், வேதாந்தம், அதுக்கு மேல டெத் மெட்டல், 'வேதிக் மெட்டல்'னு அவங்களே பேர் வெச்சாங்க. முதல் ஆல்பம் 1998. அவங்க கச்சேரி ஒண்ணுக்குப் போனப்போ எனக்கு முன்னாடி நின்னவன் முதுகுல 'ரூட்ஸ்' அட்டைப்படம். என்ன பேண்ட் இதுன்னு அவன்கிட்டயே கேட்டேன். தொடங்க வேண்டியது இதுலதான்னு முதுகைத் திருப்பிக் காமிச்சான்.

டபுள்பேஸ்:

பிந்திவந்தவனே, கோடோவை ஒத்துக்கறேன், ஆனா 'கமைட்டாச்சி' பாதியில நின்னுடுது தம்பி. கோடோ அடிக்கிறாங்க, செபுல்டுரா அடிக்கிறாங்க, ஒருத்தர் அடி இன்னொருத்தருக்குள்ள போகலை. 'ரட்டமஹட்டா'வுல கார்லின்யோஸ் கை எது, இகோர் கை எதுன்னு இன்னைக்கும் என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது.

பிந்திவந்தவன்:

அண்ணே, இகோர் 2006ல பேண்டை விட்டுப் போன பிறகு வந்த ஆல்பங்களை ஒரு தடவையாவது முழுசா கேட்டிருக்கீங்களா? 'குவாட்ரா' (2020) போட்டுட்டு வாங்க, பேசலாம்.

நாலுகம்பி:

சண்டையை நடத்துங்கள், நான் தடுக்கவில்லை. கவலேரா அண்ணன் தம்பி முதல் பதிவுகளைத் திரும்ப வாசித்து 2023இல் வெளியிட்டதையும் இதே சூட்டில் பேசலாம். இளம் வயதில் கையில் வராததை ஐம்பது வயதில் சரிசெய்திருக்கிறார்கள், எனக்கோ பழைய கரடுமுரடுதான் பிடிக்கிறது. 'நேஷன்' (2001) ஆல்பத்தை மட்டும் இதுவரை யாரும் தொடவில்லை. கடைசிப் பாட்டில் பின்லாந்தின் அபோகலிப்டிகா செல்லோ வாசிக்கிறார்கள். அந்த ஆல்பத்துக்காக வாதாட ஒருத்தராவது உண்டா?