சிவப்புக்கு அப்பால் உள்ள வெப்பத்தை வகுப்பில் காட்ட உதவுவீர்களா?

வணக்கம் உறவுகளே. ஒட்டுசுட்டானில் உயர்தரப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறேன். தகரக் கூரையில் இருந்த ஆணி ஓட்டையால் வந்த வெயிலை, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கண்ணாடி அரியத்தில் பிடித்தோம். சுவரில் நிறங்கள் விழுந்தபோது பிள்ளைகள் போட்ட சத்தம் இன்னும் காதில் நிற்கிறது.

அப்புறம் சிவப்பு லேசரைப் பிடித்தோம். அது வளைந்தது, பிரியவில்லை. ஒரே நிறம்தானே, பிரிய அதில் என்ன இருக்கிறது என்று ஒரு பிள்ளையே சொல்லிவிட்டாள். சிஎஃப்எல் பல்பின் ஒளியை ஒடுங்கிய பிளவு வழியாக விட்டு அரியத்தால் பார்த்தால் நிறங்கள் இடைவெளி விட்டுத் தனித்தனியாக நின்றன. அதில் நீலக்கோடு பாதரச ஆவியின் 436 நானோமீற்றர் ஒளி.

சிக்கல் இனித்தான். 1800இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் சிவப்புக்கு வெளியே, கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்து வெப்பநிலை ஏறுவதைக் கண்டார். அதையே செய்தோம், குமிழைக் கறுப்பாக்கியும் பார்த்தோம். அசையவே இல்லை. ஓட்டை சிறிது, அதனால் சூடு போதவில்லை என்று நினைக்கிறேன். பெரிய துவாரம் வைத்தால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுமே, இதை எப்படிச் சமாளிப்பது?

இன்னொன்று. ஊதாவுக்கு அப்பால் உள்ள, கண்ணுக்குத் தெரியாத கழியூதா ஒளியையும் காட்ட வேண்டும். சாதாரணக் கண்ணாடி அதில் குறுகிய அலைநீளப் பகுதியை உறிஞ்சிவிடும், அதற்குக் குவார்ட்ஸ் அரியம் வேண்டும். கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் யாரிடமாவது இருந்தால் ஒருநாள் இரவல் தருவீர்களா? நானே வந்து எடுத்து, பத்திரமாகத் திருப்பித் தருவேன்.