நாலு டிராக் கேசட் ரெக்கார்டரில் பதிந்தவர்கள் சொல்லுங்கள்: அதன் ருசி எதில்?

நாடாப்பிரியன்:
நியூஜெர்சியில் ஒரு பழைய சாமான் விற்பனையில் டாஸ்காம் 244 கிடைத்தது, ஒரே கேசட்டில் நாலு டிராக்கை (ஒலித்தடத்தை) தனித்தனியாகப் பதியும் மெஷின். பெல்ட் தார் மாதிரி உருகிப் புல்லியில் அப்பியிருந்தது. சுரண்டிவிட்டு, புது பெல்ட் போட்டு, ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்ததும் ஓட ஆரம்பித்தது. கிட்டார், பேஸ், கஞ்சிரா என்று ஒவ்வொன்றாக ஏற்றினேன். மூன்று டிராக்கும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து நாலாவதில் இறக்கி, காலியான இடத்தில் அக்கா மகனைப் பாட வைத்தேன். பவுன்ஸ் என்பது இதுதான். அப்புறம் கஞ்சிரா தூக்கலோ என்று யோசித்துப் பயனில்லை, அதன் தனி டிராக்கின் மேல் குரல் ஏறியாச்சு. கம்ப்யூட்டரில் மாதக்கணக்கில் நோண்டிக்கொண்டிருந்த பாட்டு, இதில் ஒரு சாயங்காலத்தில் முடிந்தது. என்னைக் கேட்டால் இந்த மெஷினின் ருசியே அந்தக் கட்டாயம்தான். சத்தமெல்லாம் அப்புறம்.

பழைய சவுண்டுக்காரர்:
தம்பி, சத்தத்தை அப்படி ஒதுக்கிடாதீங்க. நாடாவின் மொத்த அகலமே 3.81 மி.மீ. அதில் நாலு டிராக் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மி.மீட்டர்கூடத் தேறாது. இரைச்சல் வராமல் என்ன செய்யும்? அதை அடக்கத்தான் உங்க 244-இல் டிபிஎக்ஸ் இருக்கு. பதியும்போது ஒலியின் ஏற்ற இறக்கத்தைப் பாதியாக நெருக்கும், திரும்பப் போடும்போது விரிக்கும். பேஸ் தனியாக வரும் இடத்தில் காதைக் கொடுத்துக் கேளுங்க: ஒவ்வொரு அடிக்குப் பின்னாலும் இரைச்சல் லேசாக எழுந்து அடங்கும். லெவலைச் சிவப்புக்குத் தள்ளினால் முதலில் ட்ரெபிள் அமுங்கும், கஞ்சிராச் சலங்கையின் கூர் மழுங்கும். பிளேபேக்கில் டிபிஎக்ஸை அணைத்துவிட்டு அந்த நெருக்கிய சத்தமே வேணும்னு எடுக்கிறவங்களும் உண்டு. கட்டாயத்தை எந்த மெஷினிலும் நீங்களே வச்சுக்கலாமே, இந்தச் சத்தத்தை எங்கே போய் வாங்குவீங்க?

ஓரமாக ஒருவன்:
ஊரைச் சொன்னதும் அமெரிக்க ராக் பாடகர் ஸ்பிரிங்ஸ்டீன் நினைவு வந்துவிட்டது. 1982 ஜனவரியில் அதே நியூஜெர்சியில், கோல்ட்ஸ் நெக் வீட்டில், டாஸ்காமின் போர்ட்டாஸ்டுடியோ 144-இல்தான் அவருடைய ‘நெப்ராஸ்கா’ ஆல்பம் பதிவானது. 1979-இல் வந்த மாடல், இந்த வகைக்கே அதுதான் முதல். மைக் ஷூர் எஸ்எம்57. ஆனால் கலந்தபோது எக்கோப்ளெக்ஸ் என்ற எதிரொலிக் கருவி வழியாகப் பானசோனிக் பூம்பாக்ஸில் இறக்கினார்கள், ஆக அந்த ஆல்பத்தின் இருண்ட ஒலியில் அவற்றுக்கும் பங்குண்டு. பேண்டுக்குப் போட்டுக் காட்டத்தான் எடுத்தது. பேண்டுடன் வாசித்துப் பார்த்ததும் அந்தப் பாட்டுகளுக்கு ஒட்டவில்லை, கடைசியில் அந்தக் கேசட்டே ஆல்பமாக வந்தது. உங்கள் இருவர் பக்கமும் இதில் நியாயம் இருக்கிறது.

கீபோர்டு மச்சான்:
நண்பனின் 244 கேசட்டை வீட்டு டேப் ரெக்கார்டரில் போட்டேன். பாடியது அவன் தங்கை, கேட்டதோ பூதத்தின் குரல்! திருப்பிப் போட்டால் மீதி இரண்டு டிராக்கும் பின்னாலிருந்து முன்னால் ஓடுது. இந்த மெஷின் நாலு டிராக்கையும் ஒரே திசையில், நொடிக்கு 9.5 செ.மீ. வேகத்தில் எழுதும், சாதா டேப்பைப் போல இரண்டு மடங்கு. அதனால் பக்கத்துக்கு அரை மணி ஓடும் சி-60 கேசட் போட்டால் கால் மணி நேரம்தான். நானும் ஒன்று வாங்கப் போகிறேன், எந்தக் கேசட் போடலாம்?

நாடாப்பிரியன்:
244 வாங்கினால் டைப் 2 (குரோம் வகை) கேசட் மட்டும் போடுங்க மச்சான், மெஷினின் பதிவு அமைப்பே (பயாஸ்) அந்த நாடாவுக்குத்தான். சி-120 வேண்டவே வேண்டாம், நாடா மெலிசு. வாங்கும் முன் நாலு டிராக்கிலும் பதிந்து பார்த்துக் காசு கொடுங்க.