ஜன்னலை விட்டுத் திரைக்கு வந்த அனுபவம்

சிங்கப்பூர் ஆகாயப்படையில் பூம் ஆபரேட்டராக இருந்தேன். முதலில் கேசி-135, 2019இல் அது ஓய்வுபெற்ற பிறகு ஏ330 எம்ஆர்டிடி. இரண்டும் வானிலேயே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் விமானங்கள். இரண்டிலும் வேலை ஒன்றுதான்: பறந்துகொண்டே வாலுக்கடியில் நீளும் 'பூம்' என்கிற குழாயை, பின்னால் வரும் விமானத்தின் எரிபொருள் வாயில் பொருத்துவது.

கேசி-135இல் வால்பகுதியில் குப்புறப் படுத்து, தாடையைத் தாங்கியில் வைத்து, ஜன்னல் வழியாகப் பார்ப்போம். எஃப்-16 போர்விமானம் மெல்ல மேலேறி வரும்போது அதன் விமானி தலையைத் திருப்புவதுகூடத் தெரியும். எஃப்-16இல் எரிபொருள் வாய் அவருக்குப் பின்னால், விமானத்தின் முதுகில் இருக்கிறது. அவர் அதைப் பார்க்கவே முடியாது. நம் கண்ணை நம்பித்தான் அசையாமல் பறக்கிறார். ஒவ்வொரு முறையும் அது நெஞ்சில் கனக்கும்.

ஏ330இல் ஜன்னலே கிடையாது. விமானிகளுக்குப் பின்னால் ஒரு நாற்காலி, எதிரே திரைகள், கண்ணில் முப்பரிமாணக் கண்ணாடி. குழாயோ விமானத்தின் மறுகோடியில். முன்பெல்லாம் வால் லேசாக ஆடினாலே வயிற்றில் உணர்வேன். முன்பக்கம் உட்கார்ந்தால் அது உடம்புக்கு வந்து சேராது. சிமுலேட்டரில் முதல் சில நாள், குழாய் நுனி தொட்டுவிட்டது என்றே தோன்றும். பார்த்தால் இன்னும் ஓரடி பாக்கி இருக்கும். "நுனியை மட்டும் பார்க்காதே, அதன் நிழலையும் பார். இரண்டும் எங்கே சேர்கின்றன என்று கவனி" என்றார் பயிற்றுநர். அன்றுதான் கை பழகியது.

இரவில் திரைக்குத்தான் என் ஓட்டு. நிலவில்லாத இரவில் ஜன்னல் வழியே விளக்குகளை வைத்துத்தான் விமானத்தை ஊகிப்போம். அகச்சிவப்புக் கேமராவில் இறக்கையின் விளிம்பே தெரிகிறது.

அப்புறம் தானியங்கி முறை. கேமராப் படத்தை வைத்துக் கணினியே வாயைக் கண்டுபிடித்துக் குழாயைக் கொண்டுபோகும். 2020இல் போர்ச்சுகலின் எஃப்-16 ஒன்றோடு செய்து பார்த்தார்கள். 2022இல் பகல்நேரப் பயன்பாட்டுக்குச் சான்றும் கிடைத்தது. எனக்கு அதில் சந்தோஷம்தான். மணிக்கணக்கில் கண்ணைக் குவித்திருக்கும் களைப்பு எனக்குத் தெரியும். ஆனாலும் புதிதாக வருகிறவர்கள் கையால் பொருத்தி நன்றாகப் பழகிய பிறகே கணினியிடம் விட வேண்டும் என்பேன். பின்னால் வருகிற விமானம் வேகமாக நெருங்கினால் "பிரேக்அவே, பிரேக்அவே, பிரேக்அவே" (உடனே விலகு) என்று கத்த ஒரு நொடிதான் இருக்கும். அந்த நொடியைக் கை பழகிய கண்தான் முந்திக்கொண்டு பிடிக்கும்.