பஞ்சாயத்துத் தலைவரானால் ஸ்டேஷனைத் தட்டிக் கேட்க முடியுமா?

வெள்ளாத்தங்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஊராட்சி எங்களுடையது. பன்னிரண்டு வருடமாக மகளிர் குழு ஊக்குநராக இருக்கிறேன். பேங்க், பிடிஓ ஆபீஸ், தாலுகா ஆபீஸ் எல்லாம் ஏறி இறங்கிப் பழக்கம்தான், ஆனால் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியது போன ஆடி மாதம்தான் முதல் தடவை.

பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணை அவள் வீட்டுக்காரர் அடித்துக் காதிலிருந்து ரத்தம் வந்துவிட்டது. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். காலை பத்தரைக்குப் போனோம், வெளியே வேப்பமரத்தடி சிமெண்டுத் திண்டில் உட்காரச் சொன்னார்கள். பன்னிரண்டு மணிக்குக் கேட்டால் அய்யா ரவுண்ட்ஸ் போயிருக்கிறார். மூன்று மணிக்கு ரைட்டர் மனுவை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு குயர் வெள்ளைப் பேப்பர் வாங்கிட்டு வாங்க என்றார், அதையும் வாங்கிக் கொடுத்தேன். மனு வாங்கியதற்கு ரசீது, அதாவது சிஎஸ்ஆர், கேட்டால் "குடும்ப விஷயத்துக்கு எதுக்கும்மா சிஎஸ்ஆர்". ஐந்தரைக்கு அந்த ஆள் வந்தான், கூட ஊரில் செல்வாக்கான ஒருத்தர். இரண்டு பேரும் நேரே உள்ளே போனார்கள், நாற்காலி போட்டார்கள், டீ வந்தது. பத்து நிமிடத்தில் எங்களைக் கூப்பிட்டு, நான் வாங்கிக் கொடுத்த பேப்பரிலேயே "சமாதானமாகப் போகிறோம்" என்று எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

எங்கள் மாவட்டத்தில் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் கைக்குப் போய்விட்டது. அடுத்த தேர்தலில் தலைவருக்கு நிற்கலாம் என்று குழுவில் எல்லாரும் சொல்கிறார்கள். ரோடு, தண்ணீர் எல்லாம் சரி, எனக்கு மனதில் இருப்பது அந்த ஸ்டேஷன்தான். தலைவரானால் அவர்களைக் கேள்வி கேட்க உண்மையிலேயே ஏதாவது அதிகாரம் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், சும்மா வாழ்த்து வேண்டாம்.

முன்னாள் தலைவர் எழுதியது:

தங்கச்சி, 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்து ஐந்து வருடம் இருந்தவள் நான், அதனால் மழுப்பாமல் சொல்கிறேன். 1994ஆம் வருட ஊராட்சிகள் சட்டத்தில் தெருவிளக்கு உண்டு, குடிதண்ணீர் உண்டு, சுடுகாடு கூட உண்டு, ஸ்டேஷன் கிடையாது. இன்ஸ்பெக்டர் உனக்குப் பதில் சொல்லவேண்டிய ஆள் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு நில், இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் வெறுத்துப்போகும்.

ஆனால் அதிகாரம் வேறு, வாசல் வேறு. நீ காலை பத்தரையிலிருந்து உட்கார்ந்த அந்தத் திண்டு இருக்கிறதே, தலைவருக்கு அது கிடையாது, உள்ளே நாற்காலி உண்டு. இது நியாயமா என்று கேட்டால் இல்லைதான், ஆனால் அப்படித்தான் நடக்கிறது. அதுவும் முதல் வருடம் எனக்குக் கிடைக்கவில்லை. ஸ்டேஷனிலிருந்து எது வந்தாலும் என் வீட்டுக்காரர் நம்பருக்குத்தான் போன் வரும், "தலைவர் இருக்காரா" என்று. அவரும் பேசிவிடுவார். ஒருநாள் ராத்திரி உட்கார்ந்து சண்டை போட்டேன். அதிலிருந்து ரப்பர் ஸ்டாம்பும் லெட்டர்பேடும் என் கைப்பையில்தான், தூங்கும்போது கூடத் தலைமாட்டில். அவர் போனுக்கு வந்தால் "தலைவரம்மா நம்பர் இது" என்று சொல்லி வைத்துவிடுவார். மனுஷன் நல்லவர்தான், பழக்கம்தான் கெட்டது.

ஒன்று மட்டும் நெருக்கமாகச் சொல்கிறேன். கிராம அளவிலான குழந்தைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா, ஊராட்சித் தலைவர்தான். பாதிப் பேருக்கு அப்படி ஒரு குழு இருப்பதே தெரியாது. எங்கள் ஊரில் பதினாறு வயதுப் பெண்ணுக்கு விடிந்தால் கல்யாணம். நான் முதலில் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அடித்தேன், அப்புறம் குழுத் தலைவர் என்ற முறையில் லெட்டர்பேடில் எழுதி ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கினேன். எழுத்தில் போனதும் அவர்களால் "அது குடும்ப விஷயம்" என்று சொல்ல முடியவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. மறுநாள் எங்கள் தெருவில் பாதிப் பேர் என்னோடு பேசவில்லை, அது வேறு கதை.

அப்புறம் காசோலையில் துணைத்தலைவர் கையெழுத்தும் வேண்டும், மறந்துவிடாதே. துணைத்தலைவர் எதிர் கோஷ்டி ஆளானால் பைப் மாற்றுவதற்குக் கூட இழுத்தடிப்பார். ஸ்டேஷன் சண்டைக்கு முன்னால் அந்தச் சண்டை வரும். ஆகவே தலைவருக்கு மட்டும் நின்றால் போதாது, வார்டுகளிலும் உன் குழுப் பெண்கள் நாலைந்து பேர் நிற்கவேண்டும்.

பழைய ஓட்டு எழுதியது:

அம்மா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐம்பது சதவீத ஒதுக்கீடு வந்ததும் பெண்கள் வந்தார்கள், சரி. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதித் தலைவரையே மீட்டிங்கில் தரையில் உட்காரவைத்த படத்தைத் தமிழ்நாடே பார்த்தது. நாற்காலி கிடைக்கும் என்று அக்கா சொல்கிறார், யாருக்குக் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மாதம் 2,000 ரூபாய் மதிப்பூதியத்துக்கு வந்து போலீஸைப் பகைத்தால் உங்கள் வீட்டுப் பையன் மேல் ஏதாவது ஒரு கேஸ் விழும். அதே 2020இல் சாத்தான்குளத்தில் போலீஸ் அடித்து அப்பாவும் மகனும் செத்தபோது எந்த உள்ளாட்சிப் பிரதிநிதியால் என்ன செய்ய முடிந்தது?

கோர்ட் வராந்தா எழுதியது:

பழைய ஓட்டு சொல்வதில் பயம் நியாயம். ஆனால் சாத்தான்குளத்தை எடுத்தால் அதை முழுசாக எடுக்கவேண்டும். அங்கே ஸ்டேஷனுக்குள்ளிருந்து சாட்சி சொன்னது ஒரு பெண் ஏட்டு. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது: ஹார்ட் டிஸ்க் ஒரு டெராபைட் இருந்தும், சிசிடிவி பதிவு தினமும் தானாக அழிகிற மாதிரி செட்டிங் வைத்திருந்தார்கள்.

அதே வருடம் டிசம்பர் 2ஆம் தேதி, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் வாசல், வரவேற்பு, லாக்கப், தாழ்வாரம், இன்ஸ்பெக்டர் அறை என்று கேமரா வைக்கச் சொன்னது, பதிவை 18 மாதம் வைத்திருக்கவும் சொன்னது. கேட்டவருக்குப் பயன்படும் விஷயம் இதற்கு அடுத்துதான் வருகிறது. மாவட்டத்துக்கு ஒரு கண்காணிப்புக் குழு வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. அதில் கலெக்டர், எஸ்.பி. இவர்களோடு, நகர்ப்பகுதியானால் மேயர், கிராமப்பகுதியானால் மாவட்ட ஊராட்சித் தலைவர் இருக்கவேண்டும். புகார் வராத மனித உரிமை மீறல் ஏதாவது நடந்திருக்கிறதா என்று பதிவைப் பார்ப்பதும் அந்தக் குழுவின் வேலை. ஓட்டு வாங்கி வந்த ஒரு ஆளுக்கு ஸ்டேஷனைக் கண்காணிக்க நேரடியாக இடம் கொடுக்கிற உத்தரவு என்று நான் காட்டக்கூடியது இது ஒன்றுதான்.

போலீஸ் புகார் ஆணையம் என்று யாராவது சொல்வார்கள். 2006 பிரகாஷ் சிங் தீர்ப்பு மாநிலத்திலும் மாவட்டத்திலும் ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் அதை அமைக்கச் சொன்னது. நம் ஊர் 2013ஆம் வருடச் சட்டத்தில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டிஜிபி உறுப்பினர். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். யார் மேல் புகாரோ அவருடைய மேலதிகாரியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். என்னிடம் வழக்கோடு வருகிறவர்களை அங்கே அனுப்புவதை விட மனித உரிமை ஆணையத்துக்குத்தான் அனுப்புவேன், வக்கீல் வேண்டாம், கட்டணமும் கிடையாது, ஒரு வருடத்துக்குள் போகவேண்டும்.

அந்தப் பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். தேர்தல் வரை காத்திருக்கவேண்டாம். மனுவை மறுபடி எழுதி எஸ்.பி.க்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பிஎன்எஸ்எஸ் (புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4) என்று மேலே குறிப்பிடுங்கள். அங்கேயும் அசையாவிட்டால் அதே பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். குடும்ப வன்முறைச் சட்டத்துக்கு ஸ்டேஷனே தேவையில்லை, மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், அவரிடம் நேரே கொடுக்கலாம். சமாதானக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாளே என்று பயப்படவேண்டாம், அதனால் அடித்தது இல்லை என்று ஆகிவிடாது. அரசு ஆஸ்பத்திரியில் காட்டியிருந்தால் அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், எல்லாவற்றையும் விட அதுதான் முக்கியம்.

பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டி ஒரு ஆர்டிஐ போடுங்கள்: இன்ன தேதியில் அந்த ஸ்டேஷனில் பெறப்பட்ட மனுக்கள் எத்தனை, சிஎஸ்ஆர் கொடுத்தவை எத்தனை, கேமராக்கள் எத்தனை, எத்தனை நாள் பதிவு இருக்கிறது. பதில் வருகிறதோ இல்லையோ, கேட்கிற ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்று தெரியும்.

முன்னாள் தலைவர் எழுதியது:

பழைய ஓட்டு அண்ணன் சொன்னது உண்மை, நாற்காலி சாதி பார்த்துத்தான் போடுகிறார்கள், நான் அதை விட்டது தப்பு. தெற்குத்திட்டையில் வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதிவானது, அதுவும் படம் வெளியே வந்த பிறகுதான்.

வக்கீல் சார் சொன்னதைப் படித்துவிட்டு உடனே மாவட்ட ஊராட்சிக்கு நிற்கலாம் என்று கிளம்பிவிடாதே தங்கச்சி. கணக்குப் பார். போன தடவை ஊராட்சித் தலைவருக்கு டெபாசிட் 600, செலவு வரம்பு 34,000. மாவட்ட வார்டுக்கு டெபாசிட் 1,000தான், ஆனால் வரம்பு 1,70,000. எஸ்சி எஸ்டி என்றால் டெபாசிட் பாதி. ஒரு மாவட்ட வார்டு என்பது சுமார் ஐம்பதாயிரம் சனம், எத்தனை ஊர் என்று எண்ணிப்பார். அதுவும் கட்சிச் சின்னத்தில் நடக்கிற தேர்தல், மாவட்டத் தலைவரை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள், நம் மாதிரி ஆளுக்கு எட்டாது. நீ பஞ்சாயத்துக்கு நில். ஜெயித்த பிறகு மாவட்டத் தலைவரிடம் போய், "அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது" என்று கேள். அவருக்கே தெரியாமல் இருந்தாலும் இருக்கும்.

கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு. தனி அலுவலர் இருந்தாலும் நடக்கும். அதில் எழுந்து, "பெண்கள் கொடுக்கிற மனுவுக்கு ரசீது தருவதில்லை, எஸ்.பி.க்குத் தெரிவிக்கவேண்டும்" என்று தீர்மானம் கேள். எழுதமாட்டேன் என்பார்கள். மினிட் புத்தகத்தில் எழுதுகிற வரை யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். முப்பது பெண்கள் அப்படி உட்கார்ந்தால் வேறு வழி கிடையாது.

வெள்ளாத்தங்கரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், எல்லாருக்கும் நன்றி. எஸ்.பி.க்குத் தபால் போட்டோம். பாதுகாப்பு அலுவலரிடம் அவளே போய்ப் பேசினாள், நான் வெளியே நின்றேன். ஆர்டிஐயும் போட்டாயிற்று, பதில் இன்னும் இல்லை.

ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். அதே ரைட்டர். "நீங்க எலெக்ஷன்ல நிக்கிறீங்களாமே" என்று கேட்டுவிட்டு நாற்காலியைக் காட்டினார். நான் யாரிடமும் சொல்லவில்லை, குழுவில் பேசியது எப்படியோ போயிருக்கிறது. சிஎஸ்ஆர் கொடுத்தார், இந்தத் தடவை பேப்பர் கேட்கவில்லை.

இன்னொரு சந்தேகம். என் ஓட்டு இன்னும் பிறந்த ஊரில்தான் இருக்கிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் அங்கே போய்ப் போட்டுவிட்டு அம்மாவையும் பார்த்துவிட்டு வருவேன், மாற்றத் தோன்றவே இல்லை. இது இடிக்குமா?

முன்னாள் தலைவர் எழுதியது:

இடிக்குமாவா, நிற்கவே முடியாது. ஓட்டை இங்கே மாற்ற நாளைக்கே படிவம் 8 கொடு. குழுவில் மற்றவர்களுக்கும் பேர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடு, பாதிப் பேருக்கு இதே கதையாகத்தான் இருக்கும்.