நிறுவல் படிமம், 'பிரீசெட்': கலைச்சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

அம்பாசமுத்திரம் டீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். பள்ளிக் கணினி அறைக்கு ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு இடத்தில் சொல் இல்லாமல் நிற்கிறது.

எங்களிடம் இருப்பவை 4 ஜிபி ரேம் உள்ள கணினிகள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச ரேமே 4 ஜிபி. அப்படியே போட்டால் தவழ்கிறது. அதனால் ஐஎஸ்ஓவை (விண்டோஸை நிறுவத் தேவையானதெல்லாம் அடங்கிய ஒற்றைக் கோப்பு, அதுதான் நிறுவல் படிமம்) பிரித்து, உள்ளே இருக்கும் 'இன்ஸ்டால்.விம்' கோப்பை என்டிலைட் என்னும் மென்பொருளில் ஏற்றி, எக்ஸ்பாக்ஸ் போன்ற வேண்டாத உறுப்புகளை எடுத்துவிட்டு, டிரைவர்களை (வன்பொருளை இயங்கவைக்கும் மென்பொருள்கள்) சேர்த்து, மறுபடி ஐஎஸ்ஓ ஆக்குகிறோம். எதை எடுத்தோம், எந்த அமைப்பை மாற்றினோம் என்பதெல்லாம் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில் பதிந்துகொள்ளும். இன்னொரு ஐஎஸ்ஓவுக்கு அதே வேலை செய்ய வேண்டுமென்றால் அந்தக் கோப்பை ஏற்றினால் போதும், முதலிலிருந்து டிக் அடிக்க வேண்டாம். அதுதான் பிரீசெட்.

இந்தக் கோப்புக்கு ஒரு சொல், இப்படிச் சிறுத்துப்போன ஐஎஸ்ஓவுக்கு ஒரு சொல். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிய வேண்டும். 'நிறுவல் படிமம்' என்று எழுதிக் கொடுத்தேன், "எந்தப் படம் டீச்சர்?" என்று கேட்டார்கள்.

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்புள்ள டீச்சருக்கு. படிமம் நல்ல சொல், விடாதீர்கள். வடமொழிப் பிரதிமையிலிருந்து வந்தது என்று சிலர் கிளம்புவார்கள். படி என்றால் ஒப்பு, நகல். படி, படிமை, படிமம் என்று நம் வேரிலேயே வரிசை இருக்கிறது. தொல்காப்பியப் பாயிரத்தில் 'பல்புகழ் நிறுத்த படிமையோனே' என்று பனம்பாரனார் சொல்லவில்லையா? வட்டில் உள்ளதை உள்ளபடி எடுத்த படி, ஆகவே படிமம்.

பிரீசெட்டுக்கு என் பரிந்துரை: கட்டளை. சிரிக்க வேண்டாம், முழுவதும் படியுங்கள். செங்கல் அறுக்கும் அச்சுக்குக் கட்டளை என்று பெயர் உண்டு. 'கருமமே கட்டளைக் கல்' என்கிற குறளில் அது உரைகல், அதாவது அளவுகோல். கட்டளைக் கலித்துறையை எடுத்துக்கொள்ளுங்கள். அடி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கிப் பதினாறு எழுத்து, நிரையசையில் தொடங்கினால் பதினேழு. பாடுகிறவர் யாராயிருந்தாலும், பொருள் எதுவானாலும், எண்ணிக்கை முன்பே முடிவானது. நெல்லையப்பர் கோயிலில் யாரோ ஒரு புண்ணியவான் என்றைக்கோ எழுதிவைத்த கட்டளைப்படி இன்றைக்கும் பூசை நடக்கிறதென்றால், எழுதிவைத்தவர் வந்து ஒவ்வொரு வருடமும் டிக் அடிக்கிறாரா? இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியில் இருக்கிறது?

வள்ளியூர், கணினிக் கடை:

ஐயா சொன்னதைப் படிக்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் டீச்சர் கையேட்டில் அடுத்த பக்கத்திலேயே டிஸ்ம் (விண்டோஸ் படிமத்தைத் திருத்தும் கருவி) கட்டளைகள் வரும். "கட்டளையை ஏற்றிவிட்டுக் கட்டளை வரியில் இந்தக் கட்டளையைத் தட்டு" என்று எழுதினால் பையன் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவான்.

நம் பக்கத்துக்கு 'அச்சு' போதாதா? சிரட்டையில் ஊற்றினால் உடன்குடிக் கருப்பட்டி சிரட்டை வடிவத்தில்தானே வரும். என் கடைக்கு வருகிறவர்கள் 'லைட் விண்டோஸ் போட்டுத் தாங்க அண்ணாச்சி' என்கிறார்கள், 'பிரீசெட்' என்று யாரும் கேட்டதில்லை. கேட்காத பொருளுக்கு இத்தனை பெயரா என்றும் தோன்றுகிறது.

சொல்லை விட முக்கியமாக ஒன்று, டீச்சர். ஒரு பதிப்புக்குச் செய்த பிரீசெட்டை அடுத்த பதிப்பில் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றக் கூடாது என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். பதிப்பு மாறினால் உறுப்புகளும் மாறும். அளவுக்கு மீறி எடுத்தால் பின்னால் அப்டேட் ஏறாமல் அடம்பிடிக்கும், அப்போது என் கடைக்குத்தான் வருவார்கள். விம் கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் எஃப்ஏடி32 முறையில் வடிவமைத்த பென்டிரைவில் ஏறாது, அதையும் சொல்லிவிடுங்கள். உறுப்பைக் குறைத்ததால் உரிமம் வேண்டாம் என்று ஆகிவிடாது, அதையும்.

தென்காசி, லினக்ஸ்காரன்:

அண்ணாச்சி, அச்சு வேண்டாம். பிரிண்டர் பாடத்தில் அச்சு, வண்டிக்கு அச்சு, கணக்கில் எக்ஸ் அச்சு. ஏற்கெனவே தேய்ந்துபோன சொல்.

ஐயா, படிமையோனில் இருக்கிற படிமை தவவேடம், தவ ஒழுக்கம். அதில் ஐஎஸ்ஓவைத் தேடுவது தொல்காப்பியருக்கே அடுக்காது.

ஒரு விஷயத்தை எல்லோரும் சேர்த்துக் குழப்புகிறோம். என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது என்று முன்கூட்டி முடிவு செய்வது ஒன்று. நிறுவும்போது கேட்கப்படும் கேள்விகளுக்கு (மொழி எது, நேர மண்டலம் எது, வட்டை எப்படிப் பிரிப்பது) முன்கூட்டியே பதில் எழுதிவைப்பது வேறொன்று. லினக்ஸ் வகைகளை எடுத்துக்கொண்டால், டெபியனில் பிரீசீட் கோப்பு முதன்மையாக இரண்டாவது வேலைக்கு. ரெட் ஹேட்டின் கிக்ஸ்டார்ட்டும் உபுண்டுவின் ஆட்டோஇன்ஸ்டாலும் பதிலையும் சொல்லும், மென்பொருள் தொகுப்புப் பட்டியலையும் சொல்லும். விண்டோஸில் ஆளில்லாமல் நிறுவுவதற்கான கோப்பு தனி. ஆகவே சொல்லும் இரண்டு வேண்டும். முதலாவதற்கு முன்னமைவு, இரண்டாவதற்கு முன்விடை. பிரீசீட்டை ('சீட்' என்றால் விதை) 'முன்விதை' என்று யாராவது பெயர்க்கும் முன் சொல்லி வைக்கிறேன்.

துபாயிலிருந்து களக்காட்டுக்காரன்:

படிமம், அச்சு எல்லாம் எதற்கு? பொதி! உள்ளே எல்லாவற்றையும் வைத்துக் கட்டியது பொதி. நமக்குப் பொதிகை இருக்கும்போது வெளியே தேடுவானேன். முகில் பொதிந்த மலை, ஆகவே பொதியில்.

தென்காசி:

பொதி ஏற்கெனவே மென்பொருள் தொகுப்புக்கு (பேக்கேஜுக்கு) போய்விட்டது. அப்புறம், பொதியில் என்றால் ஊர் கூடும் மன்றம். பொது, பொதுவில், பொதியில்.

துபாய்:

அது மன்றத்துக்கு. மலைக்கு அப்படியா? பௌத்தரின் அவலோகிதர் வாழும் போதலக மலைதான் பொதியில் என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். முழுதாக எழுதினால் மூன்று மடல் வரும், இரவு எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரம் டீச்சர்:

ஐயா, அண்ணாச்சி, எல்லோருக்கும் நன்றி. மலையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாமா? எனக்கு இன்னும் 'சிறுத்த ஐஎஸ்ஓ'வுக்குச் சொல் இல்லை. வேண்டாததைக் கழித்தது என்பதால் 'கழிபடிமம்' என்று நினைக்கிறேன். நன்னூலின் 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' அப்படியே பொருந்துகிறது. உறுப்புகள் கழிகின்றன, டிரைவர்கள் புகுகின்றன.

பாளையங்கோட்டை:

நூற்பா பொருத்தம். சொல் ஆபத்து. அதே நன்னூல்தான் 'சால உறு தவ நனி கூர் கழி மிகல்' என்கிறது. உரிச்சொல்லாகக் கொண்டால் கழி மிகுதியைக் குறிக்கும். நெடிலடியைவிட நீண்டது கழிநெடிலடி. உங்கள் கழிபடிமம் தமிழ் படித்தவனுக்கு 'மிகப் பெருத்த படிமம்' ஆகிவிடும்.

வள்ளியூர்:

தமிழ் படிக்காதவனுக்குக் கழிப்பறை ஞாபகம் வரும். இரண்டு பக்கமும் அடி. 'குறைத்த படிமம்' என்று போடுங்கள், முடிந்தது.

பாளையங்கோட்டை:

முடிந்தது என்று சொல்ல இது கடைக் கணக்கு அல்ல. 1920-இல் சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் எழுந்த ஊர் இது. பாவாணர் பிறந்த சங்கரன்கோவில் பேருந்தில் போய்வரும் தூரம். 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற்கள் வெளியிட்டதே, அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் நெல்லை இ.மு. சுப்பிரமணிய பிள்ளை. அவர்கள் 'முடிந்தது' என்று எழுந்து போயிருந்தால் இன்று பாடநூலில் பாதி கிரந்தமாக இருக்கும்.

தென்காசி:

அவர்கள் போட்ட சொற்களில் நிலைத்தவை பிள்ளைகள் வாயில் நுழைந்தவை மட்டும்தானே, ஐயா. 1916-இல் சேலத்தில் ராஜாஜி கூட்டிய சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தின் பெயரே இன்றைக்கு ஒருவருக்கும் புரியாது. தனித்தமிழில் போட்டாலும் புரியாத சொல் அப்படித்தான் போகும்.

பாளையங்கோட்டை:

கட்டளை புரியாத சொல்லா? 'முன்னமைவு' யாருக்குப் புரிகிறது? அமைவு என்றால் அடக்கம், நிறைவு. முன்பே நிறைவடைந்த கோப்பா அது?

அம்பாசமுத்திரம் டீச்சர்:

அச்சகத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. ஐயாவைத் தவிர மற்றவர்கள் முன்னமைவுக்குச் சரி என்கிறார்கள் (களக்காட்டு அண்ணாச்சி இன்னும் மலையில் இருக்கிறார், அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை). முன்னமைவு, முன்விடை, குறைத்த நிறுவல் படிமம். முதல் முறை வரும் இடத்தில் 'பிரீசெட்' என்று தமிழ் எழுத்தில் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன். படிமம் என்றால் இங்கே படம் அல்ல என்று ஒரு வரியும் சேர்த்தாயிற்று.

பாளையங்கோட்டை:

பெரும்பான்மைக்குத் தலைவணங்கலாம், சொல்லுக்கு வணங்க முடியாது. என் எழுத்தில் கட்டளைக் கோப்பு என்றே எழுதுவேன். அது சரி, டிரைவருக்கு என்ன போட்டீர்கள்?

அம்பாசமுத்திரம் டீச்சர்:

டிரைவர் என்றே விட்டுவிட்டேன் ஐயா. 'இயக்கி' என்று போன வருடம் எழுதினேன். வகுப்பே இசக்கியம்மன் என்று சிரித்தது.

பாளையங்கோட்டை:

சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? இயக்கிதான் இசக்கி. சிலப்பதிகார அடைக்கலக் காதையில் மாதரி பால்மடை கொடுத்தது 'பூங்கண் இயக்கிக்கு'. பிள்ளைகள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். புது இழை தொடங்குகிறேன்.