செல்வி மாடியில் காய்த்தது மிதுக்கு இல்லை

(குடும்ப வாட்ஸ்அப் குழு, சனிக்கிழமை காலை)

செல்வி: [படம்] இன்று மாடியில் பறித்தது. என்ன காய், சொல்லுங்கள் பார்ப்போம்.

கார்த்தி: திராட்சை அளவில் தர்பூசணியா அக்கா? 😳

தனம் அத்தை: மிதுக்கங்காய்தானே செல்வி! கோயம்புத்தூரில் உனக்கு எப்படிக் கிடைத்தது? வத்தலுக்கு எடுத்து வை.

செல்வி: வரி அப்படியேதான் இருக்கிறது அத்தை, ஆனால் இது மெக்சிகோ பக்கத்துக் கொடி. குக்கமெலன். கடித்தால் நறுக்கென்று வெள்ளரிப் பிஞ்சு, பின்னாலேயே லேசான எலுமிச்சைப் புளிப்பு. மிதுக்கு மாதிரிக் கசப்பே கிடையாது.

தனம் அத்தை: கசக்காதா? அப்புறம் அதை வைத்து என்ன செய்ய?

கவிதா மதினி: 😂😂 அம்மா!

மாமா: விதை போட்டு எவ்வளவு நாளில் காய்க்கும் மருமகளே?

செல்வி: இரண்டு, இரண்டரை மாதம் மாமா. முளைக்கவே இரண்டு வாரம் எடுக்கும், வெள்ளரி வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது. அதுவரை மண் காயவும் கூடாது, நொதநொதவென்றும் இருக்கக் கூடாது. கொடி ரொம்ப மெல்லிசு, வலை கட்டினால் ஆள் உயரம் தாண்டிப் போகும். காய் ஒரு அங்குலம் ஆனதும் பறித்துவிட வேண்டும். விட்டால் கொழகொழத்து விதைதான் மிஞ்சும்.

கார்த்தி: நீ கொடுத்த விதைதான் இங்கேயும். பூ இருக்கிறது, காயைக் காணோம்.

செல்வி: பூவுக்குப் பின்னால் பார். குட்டிக் காய் ஒட்டியிருந்தால் பெண் பூ, வெறும் காம்பு என்றால் ஆண் பூ. கோவைக்காய்க்கு ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. இதில் இரண்டும் ஒரே கொடியில் வரும். பூ அரை அங்குலம்கூட இல்லை, தூரிகையோடு மல்லுக்கட்டாதே. பக்கத்தில் துளசித் தொட்டியை நகர்த்தி வை, கொசுத்தேனீ பார்த்துக்கொள்ளும்.

அப்பா: நான் முலாம்பழம் போட்டிருக்கிறேன். இதையும் பக்கத்தில் ஊன்றினால் இனம் கலக்குமா?

கவிதா மதினி: கலக்காது மாமா. இது மெலோத்ரியா, வேறு பேரினம். உங்கள் வரப்பில் கிடக்கிற மிதுக்குதான் கலக்கும், அதுவும் முலாமும் ஒரே இனம். தேனீ மகரந்தத்தை மாற்றிக் கொண்டுபோனால் இந்த வருடப் பழத்துக்கு ஒன்றும் ஆகாது. அதிலிருந்து எடுத்த விதையைப் போட்டால் அடுத்த முறை கசக்கலாம்.

அப்பா: அப்படியென்றால் மிதுக்கைப் பிடுங்கிவிட வேண்டியதுதான்.

தனம் அத்தை: அண்ணே, கை வைக்காதீர்கள்! இங்கே களைக்கொல்லி அடித்து அடித்து மிதுக்கு கண்ணிலேயே படவில்லை. முன்பு பருத்திக்குள் தானாகப் படர்ந்து கிடக்கும். முலாமுக்கு விதை கடையில் வாங்கலாம், இதற்கு எங்கே போக?

கார்த்தி: செல்வி அக்கா காயிலேயே வத்தல் போடலாமே அத்தை?

தனம் அத்தை: கீறி, உப்புப் போட்ட கெட்டி மோரில் ராத்திரி ஊறட்டும். காலையில் வெயில், சாயங்காலம் திரும்ப அதே மோர். மோர் வற்றிய பிறகு கலகலவென்று சத்தம் வரும்வரை காயட்டும். புளிப்புக் காய் எண்ணெயில் எப்படி வருமோ! ஒரு கைப்பிடி மட்டும் போட்டுப் பார்.

செல்வி: சரி அத்தை. மீதியைப் பச்சை மிளகாயோடு வினிகரில் போடுகிறேன்.

மாமா: வினிகர் பாட்டில் ஒன்று இந்தப் பக்கம் வரட்டும் 🙏

அப்பா: தனம், வரப்பில் நாலு கொடி நிற்கிறது. முலாம் பூப்பதற்குள் ஆள் அனுப்பி வேரோடு எடுத்துக்கொள்.

தனம் அத்தை: வேரோடு எடுத்தால் பிழைக்காது அண்ணே. பழுக்க விடுங்கள், விதைக்கு நானே வருகிறேன்.